அம்மா மஞ்சள், குஞ்செல்லாம் பச்சை: பட்ஜியில் பால் சார்ந்த நிறங்கள்

பட்ஜி என்ற சின்ன வளர்ப்புக் கிளியைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "பச்சை ஆணையும் லூட்டினோ (சிவப்புக் கண்ணுள்ள மஞ்சள்) பெண்ணையும் ஜோடி சேர்த்து இரண்டு முறை குஞ்சு எடுத்தேன். ஒன்பது குஞ்சும் பச்சை. நண்பர் அதையே திருப்பி, லூட்டினோ ஆணுக்குப் பச்சைப் பெண்ணைச் சேர்த்தார். முதல் முறையே ஆறில் மூன்று லூட்டினோ. என் பெண் பறவையில் ஏதாவது குறை இருக்கிறதா? எனக்கு லூட்டினோ ஆண் ஒன்று வேண்டும், எப்படி எடுப்பது?"

உங்கள் பறவையில் குறை எதுவும் இல்லை. உங்களுக்கு வந்ததும் சரி, நண்பருக்கு வந்ததும் சரி. சொல்லப்போனால் உங்கள் கூட்டில் ஒரே ஒரு லூட்டினோ வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். நண்பருடைய மூன்று லூட்டினோவும் பெண்ணாகத்தான் இருக்கும், மூன்று பச்சையும் ஆணாகத்தான் இருக்கும். பறவைகளைப் பார்க்காமலே இதைச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் லூட்டினோ நிறத்துக்கான மரபணு பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

பள்ளியில் படித்த மனிதக் கணக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள், குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மனிதர்களில் பெண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு பால் குரோமோசோம், ஆணுக்கு வெவ்வேறு இரண்டு. பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டும் இசட். பெண்ணுக்கு ஒன்று இசட், மற்றது டபிள்யூ. இந்த டபிள்யூ சின்னது, அதில் மரபணுக்கள் குறைவு. நாம் பேசப்போகும் நிற மரபணுக்கள் எல்லாம் இசட்டில் இருக்கின்றன, அவற்றுக்கு டபிள்யூவில் இணை கிடையாது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு பெண்ணாக வேண்டுமானால் அம்மா அதற்கு டபிள்யூவைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பெண் குஞ்சிடம் இருக்கும் ஒரே இசட் அப்பாவுடையது. அதாவது பால் சார்ந்த நிறங்களைப் பொறுத்தவரை மகளுக்கு அம்மாவிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்களே, அது இங்கே செல்லாது. மகள் எப்படி இருக்கிறாள் என்பது அப்பாவின் இசட் எப்படி இருக்கிறது என்பதுதான். மகனுக்கு மட்டும் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு இசட் வருகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இப்போது உங்கள் ஜோடிக்கு வருவோம். லூட்டினோ என்பது ஒடுங்கு மரபணு. இரண்டு இசட் உள்ள ஆணில் ஒன்றில் மட்டும் இது இருந்தால் மற்றது மூடிவிடும், பறவை பச்சையாகவே தெரியும். அப்படி மறைத்து வைத்திருக்கும் ஆணைத்தான் ஸ்ப்ளிட் என்கிறோம், ‘பச்சை ஸ்ப்ளிட் இனோ’ என்று. இனோ என்பது இந்த மரபணுவின் பெயர். பெண்ணுக்கோ மூடுவதற்கு இரண்டாவது இசட்டே இல்லை. மரபணு இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை.

உங்கள் லூட்டினோ பெண் தன் இசட்டை மகன்களுக்குக் கொடுத்தாள். அப்பாவின் பச்சை இசட் அதை மூடிக்கொண்டது. மகள்களுக்கு அவள் கொடுத்தது டபிள்யூ, அவர்களுடைய இசட் அப்பாவின் பச்சை இசட். எனவே எல்லாமே பச்சை. நண்பரின் லூட்டினோ ஆணிடம் இரண்டு இசட்டிலும் லூட்டினோதான். மகள்கள் வேறு எதையும் வாங்கியிருக்க முடியாது, அத்தனை பேரும் மஞ்சள். மகன்களை அம்மாவின் பச்சை இசட் காப்பாற்றிவிட்டது, அவர்கள் பச்சை ஸ்ப்ளிட். ஒரே இரண்டு நிறங்கள், ஆனால் எது அப்பா எது அம்மா என்பதை மாற்றினால் விடை மாறிவிடுகிறது. நீல நிறம், இறக்கைக் குறிகள் மாறும் ஸ்பேங்கிள், திட்டுத்திட்டாக நிறம் போகும் பைடு போன்றவற்றில் இப்படி நடக்காது. அவை மற்ற குரோமோசோம்களில் இருப்பதால் அப்பா கொடுத்தாலும் அம்மா கொடுத்தாலும் ஒன்றுதான்.

ஒன்பது பச்சைக் குஞ்சு என்று நீங்கள் சலித்துக்கொண்டாலும், அவற்றில் இருக்கும் ஆண்கள் ஒவ்வொன்றும் நிச்சயமாக ஸ்ப்ளிட் இனோ. ‘இருக்கலாம்’ என்ற பேச்சே இல்லை, நூற்றுக்கு நூறு. பெண்கள் சாதாரணப் பச்சை, அம்மாவின் மஞ்சள் அவர்களிடம் துளியும் இல்லை. யாராவது ‘பெண் ஸ்ப்ளிட் லூட்டினோ’ என்று சொல்லி உங்களிடம் ஒரு பச்சைப் பெண்ணை விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படி ஒரு பறவை கிடையாது. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பெண் ஸ்ப்ளிட் நீலமாக இருக்கலாம், ஸ்ப்ளிட் ரெசசிவ் (ஒடுங்கு) பைடாக இருக்கலாம். பால் சார்ந்த எதற்கும் ஸ்ப்ளிட்டாக இருக்க முடியாது.

லூட்டினோ ஆண் எப்படி எடுப்பது? மகனுக்கு இரண்டு இசட்டிலும் லூட்டினோ வேண்டும். ஆகவே அம்மா லூட்டினோவாக இருந்தே ஆக வேண்டும், அப்பா லூட்டினோவாகவோ ஸ்ப்ளிட்டாகவோ இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. உங்களிடம் ஸ்ப்ளிட் மகன்கள் இருக்கிறார்கள், நண்பரிடம் லூட்டினோ மகள்கள் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ரத்த உறவு இல்லையென்றால் சம்பந்தம் பேசி முடித்துவிடுங்கள். அந்த ஜோடியில் ஆண் குஞ்சுகளில் பாதி லூட்டினோ, பாதி ஸ்ப்ளிட். பெண் குஞ்சுகளில் பாதி லூட்டினோ, பாதி பச்சை. அதில் வரும் பச்சை ஆண்கள்கூட எல்லாமே உறுதியான ஸ்ப்ளிட்தான், ஏனென்றால் லூட்டினோ அம்மாவின் இசட் எல்லா மகனுக்கும் போயிருக்கிறது. மகனை அவன் அம்மாவுடனேயே சேர்த்தாலும் கணக்கு இதேதான், ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். நெருங்கிய ரத்தத்தில் குஞ்சு எடுத்தால் மறைந்திருக்கும் மற்றக் குறைகளும் ஜோடி சேர்ந்து வெளியே வரும்.

இன்னும் குறுக்கு வழி ஒன்று உண்டு: நண்பரின் லூட்டினோ ஆணையும் உங்கள் லூட்டினோ பெண்ணையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் லூட்டினோ, ஆணும் பெண்ணும். ஒரே முறையில் வேலை முடிந்தது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இனோவையும் இனோவையும் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. காரணம் இந்த நிறம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அது ஏன் என்று பார்க்க, பட்ஜியின் பச்சை எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லை. மஞ்சள் நிறமி ஒன்று இருக்கிறது, அதற்குச் சிட்டாகோஃபுல்வின் என்று பெயர், கிளி இனங்களுக்கே உரியது. அதன் அடியில் இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. அந்த நீலம் எடுப்பாகத் தெரிய, பின்னால் கறுப்பு மெலனின் வேண்டும். மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. இனோ மரபணு மெலனினை எடுத்துவிடுகிறது. பின்னணிக் கறுப்பு போனதும் நீலமும் போய்விடும், மிஞ்சுவது மஞ்சள் மட்டும். அதுதான் லூட்டினோ. இறக்கைக் கோடுகள் கறுப்பு மெலனின் என்பதால் அவையும் போய்விட்டன. கண்ணில் நிறமி இல்லாததால் ரத்தத்தின் சிவப்பு தெரிகிறது. நீல வகைப் பறவையிலோ அந்த மஞ்சள் நிறமியும் கிடையாது. அந்த நிறமியை உண்டாக்கும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் நீலத்துக்குக் காரணம் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நீலப் பறவையிலிருந்து மெலனினையும் எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது, வெள்ளை. ஆக, ஆல்பினோ என்பது தனி மரபணு அல்ல. அதே இனோ, நீலத்தின் மேல் உட்கார்ந்தது. லூட்டினோ, ஆல்பினோ இரண்டுக்கும் சேர்த்துத்தான் இனோ என்ற பொதுப்பெயர்.

ஆல்பினோ வேண்டும் என்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்று பால் சார்ந்தது, மற்றது இல்லை, இரண்டையும் ஒரே பறவைக்குள் கொண்டுவர வேண்டும். நீலம் மறைக்காத லூட்டினோ ஆணை நீலப் பெண்ணோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு ஆல்பினோகூட வராது. மகள்கள் லூட்டினோ ஸ்ப்ளிட் நீலம், மகன்கள் பச்சை, ஆனால் நீலத்துக்கும் இனோவுக்கும் இரண்டுக்கும் ஸ்ப்ளிட். அந்த மகனை உறவில்லாத ஒரு நீலப் பெண்ணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் நான்கு வகையாக வரும்: பச்சை, நீலம், லூட்டினோ, ஆல்பினோ, ஒவ்வொன்றும் கால் பங்கு. ஆண் குஞ்சுகளில் ஆல்பினோ வராது, அம்மாவிடம் இனோ இல்லையே. மொத்தக் குஞ்சுகளில் எட்டில் ஒன்று ஆல்பினோ, அதுவும் பெண். அதே மகனை ஆல்பினோ பெண்ணோடு சேர்த்தால் ஆண், பெண் இரண்டிலும் நான்கில் ஒன்று ஆல்பினோ.

எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று என்று சொல்லும்போதெல்லாம் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முட்டையும் தனிச் சீட்டு. முந்தைய முட்டையில் என்ன விழுந்தது என்று அடுத்த முட்டைக்குத் தெரியாது. ஸ்ப்ளிட் ஆணுக்குச் சாதாரணப் பெண்ணைச் சேர்த்தால் நான்கில் ஒரு குஞ்சு இனோ என்பது கணக்கு. ஆனால் ஐந்து குஞ்சு எடுத்து ஒன்றுகூட இனோ இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 24 சதவீதம். நான்கு ஜோடியில் ஒருவருக்கு அப்படி ஆகும். அதைப் பார்த்து ‘ஏமாற்றிவிட்டார்கள், இது ஸ்ப்ளிட்டே இல்லை’ என்று சண்டைக்குப் போகக்கூடாது. நானே ஒரு முறை அப்படி அவசரப்பட்டு ஒரு நல்ல ஆணைக் கொடுத்துவிட்டு, அது வேறொருவர் வீட்டில் அடுத்த மாதமே இரண்டு சிவப்புக் கண் குஞ்சு போட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ப்ளிட்டா இல்லையா என்று ஒரு ஆணைச் சோதிக்க வேண்டுமானால் சாதாரணப் பெண்ணோடு சேர்க்காதீர்கள். அந்த ஜோடியில் மகள்கள் மட்டும்தான் சாட்சி, மகன்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இனோ பெண்ணோடு சேர்த்தால் ஆண், பெண் இரண்டுமே சாட்சி. ஒவ்வொரு குஞ்சும் இனோவாக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்து குஞ்சும் பச்சையாக வந்தால், அவன் ஸ்ப்ளிட்டாக இருந்து அப்படி ஆகியிருக்க 32இல் ஒன்றுதான் வாய்ப்பு. பத்துக் குஞ்சு என்றால் ஆயிரத்தில் ஒன்று. அதே ஐந்து குஞ்சு, இருமடங்கு தகவல்.

லூட்டினோ, ஆல்பினோ மட்டும்தான் இந்த வகையா என்றால் இல்லை. சின்னமன், ஓப்பலைன், ஸ்லேட், டெக்சஸ் கிளியர்பாடி (கோடுகள் இருந்தும் உடல் நிறம் வெளிறிய வகை) ஆகியவையும் இசட்டில்தான். இன்று நம் கூடுகளில் இருக்கும் சின்னமன், ஓப்பலைன் எல்லாம் 1930களில் பறவை வளர்ப்பவர்கள் கண்ணில் பட்டவை. அவற்றுக்குக் கணக்கு மேலே சொன்னதேதான். லூட்டினோ என்ற இடத்தில் சின்னமன் என்று போட்டுக்கொள்ளுங்கள், விடை மாறாது. சின்னமனில் கறுப்பு மெலனின் பழுப்பாகிவிடும், கோடுகள் இலவங்கப்பட்டை நிறத்தில் இருக்கும், உடல் நிறமும் வெளிறும். ஓப்பலைனில் நிறமி போவதில்லை, இடம் மாறுகிறது: தலைக்குப் பின்னால் கோடுகள் மங்கி, தோள்களுக்கு நடுவே வி வடிவத்தில் உடல் நிறம் தெளிவாகத் தெரியும், இறக்கையிலும் உடல் நிறம் ஏறியிருக்கும். ஸ்லேட்டை நீங்கள் பார்ப்பது அபூர்வம்.

சின்னமனை நான் தனியாகப் பாராட்ட ஒரு காரணம் இருக்கிறது. சின்னமன் குஞ்சு முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்களில், கண் திறக்கும் முன்பே, மூடிய தோலின் வழியாகக் கண் கருஞ்சிவப்பாக, நாவல்பழச் சாறு போலத் தெரியும். சாதாரணக் குஞ்சின் கண் கறுப்பு. சில நாளில் சின்னமன் கண் கருத்துப்போய் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். ஆகவே சின்னமன் ஆணுக்குச் சாதாரணப் பெண்ணைச் சேர்த்திருந்தால், குஞ்சு பொரிந்த வாரமே எது ஆண் எது பெண் என்று எழுதி வைத்துவிடலாம்: சிவந்த கண் பெண், கறுத்த கண் ஆண். இனோ ஆணாக இருந்தால் இன்னும் எளிது, சிவப்பு மங்கவே மங்காது. வழக்கமாக மூக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆண் பெண் சொல்கிறோம், அதற்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும். அதிலும் இனோ, லேஸ்விங் (சின்னமனும் இனோவும் சேர்ந்தது), ரெசசிவ் பைடு ஆண்களுக்கு வயது வந்த பிறகும் மூக்கு நீலமாகாது, இளஞ்சிவப்போ ஊதாவோ ஆகத் தங்கிவிடும். அதைப் பெண் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். சந்தேகம் தீராவிட்டால் இறகு அல்லது ரத்தத்தை வைத்து டிஎன்ஏ சோதனை செய்யலாம். அதுவும் இசட்டிலும் டபிள்யூவிலும் சற்று வேறுபட்டிருக்கும் ஒரே மரபணுவைத்தான் ஒப்பிடுகிறது.

இரண்டு வெவ்வேறு பால் சார்ந்த நிறங்களைச் சேர்த்தால் என்ன ஆகும்? சின்னமன் ஆணுக்கு ஓப்பலைன் பெண்ணைச் சேர்க்கிறீர்கள். மகள்கள் எல்லாம் சின்னமன், அப்பாவின் இசட். மகன்களுக்கு அப்பாவிடமிருந்து சின்னமன் இசட், அம்மாவிடமிருந்து ஓப்பலைன் இசட். இந்த மகன்கள் சின்னமனாகவும் இருக்க மாட்டார்கள், ஓப்பலைனாகவும் இருக்க மாட்டார்கள். சாதாரணப் பச்சை! இரண்டும் வெவ்வேறு மரபணு, ஒவ்வொன்றுக்கும் மறு இசட்டில் நல்ல நகல் இருப்பதால் ஒன்றை ஒன்று மூடிவிடுகின்றன. ஆனால் டெக்சஸ் கிளியர்பாடியையும் இனோவையும் இப்படிச் சேர்த்தால் மகன் பச்சையாக வருவதில்லை, கிளியர்பாடியாகவே வருகிறான். இவை இரண்டும் ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் என்பதுதான் காரணம். மூட அங்கே நல்ல நகல் இல்லை, இரண்டில் கிளியர்பாடி ஓங்கி நிற்கிறது.

இதற்குமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தப் பச்சை மகனிடம் ஒரு இசட்டில் சின்னமன், மறு இசட்டில் ஓப்பலைன். அவன் தன் மகளுக்கு ஒரு இசட்தான் கொடுக்க முடியும். அப்படியானால் மகள்கள் சின்னமன் அல்லது ஓப்பலைன், இரண்டும் சேர்ந்த ஓப்பலைன் சின்னமன் வரவே கூடாது அல்லவா? ஆனால் வருகிறது. விந்தணு உருவாகும்போது ஆணின் இரண்டு இசட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, குறுக்கேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஒரே குரோமோசோமில் இரண்டு மரபணுவும் தூரத்தில் இருந்தால் அவற்றுக்கு நடுவே வெட்டு விழ வாய்ப்பு அதிகம், அருகில் இருந்தால் குறைவு. சின்னமனும் ஓப்பலைனும் தூரத்துச் சொந்தம், சுமார் மூன்றில் ஒரு முறை பிரிந்து மாறுகின்றன. எனவே அந்த மகனுடைய மகள்களில் மூன்றில் ஒரு பங்கு சின்னமன், மூன்றில் ஒரு பங்கு ஓப்பலைன், மீதியுள்ள மூன்றில் ஒரு பங்கில் பாதி ஓப்பலைன் சின்னமன், பாதி சாதாரணம். ஆறில் ஒரு மகள் நீங்கள் தேடியது. அவளைப் பிடித்துவிட்டால் போதும். அவளுடைய ஒரே இசட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, பெண்ணிடம் மாற்றிக்கொள்ள இணை இசட் இல்லாததால் இரண்டையும் பிரிக்காமல் அப்படியே மகன்களுக்குக் கொடுப்பாள்.

அவளுக்குச் சாதாரணப் பச்சை ஆணைச் சேர்த்தால் அந்த மகன்களும் சின்னமன், ஓப்பலைன் இரண்டுக்கும் ஸ்ப்ளிட்தான். வெளியே பார்க்க அவர்களும், இரண்டையும் தனித்தனி இசட்டில் வைத்திருந்த அவர்களுடைய தாய்வழித் தாத்தாவும் ஒரே பச்சை. ஆனால் விளைவில் பெரிய வித்தியாசம். இரண்டும் ஒரே இசட்டில் இருந்தால் மகள்களில் மூன்றில் ஒரு பங்கு ஓப்பலைன் சின்னமன், தனித்தனி இசட்டில் இருந்தால் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே ஸ்ப்ளிட் என்று மட்டும் குறித்து வைத்தால் போதாது. எந்த நிறம் அப்பாவிடமிருந்து வந்தது, எது அம்மாவிடமிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும்.

சின்னமனும் இனோவும் இதற்கு நேர் எதிர், ஒட்டிப் பிறந்தவை போல அவ்வளவு பக்கம். அவை பிரிந்து மாறுவது நூற்றுக்குச் சுமார் மூன்று முறைதான். ஒரு இசட்டில் சின்னமன், மறு இசட்டில் இனோ உள்ள ஆணின் மகள்களில் ஏறக்குறைய பாதி சின்னமன், பாதி லூட்டினோ, நூறு மகள்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் இரண்டும் சேர்ந்தவள். அவள்தான் லேஸ்விங். சிவப்புக் கண், மஞ்சள் அல்லது வெள்ளை உடல், அதன்மேல் பழைய படத்தில் மங்கிப்போன மை மாதிரி வெளிறிய பழுப்புக் கோடுகள். ஒருமுறை உருவாகிவிட்டால் இந்த இணை எளிதில் பிரிவதில்லை, தலைமுறைக்குத் தலைமுறை ஒரே மரபணு போலவே நடந்துகொள்கிறது. அதனால்தான் நீண்ட காலம் லேஸ்விங்கைத் தனி மியூட்டேஷன் என்றே நினைத்தார்கள். நீங்கள் லேஸ்விங் ஆசைப்பட்டால் சின்னமனையும் லூட்டினோவையும் வைத்துப் புதிதாக உருவாக்கப் பார்க்காதீர்கள், ஆயுள் போதாது. ஒரு லேஸ்விங் ஆணை வாங்கி விடுங்கள், அவனுடைய மகள்கள் எல்லாம் லேஸ்விங்.

இனோ மற்றதை மறைக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது உங்கள் கூட்டில் இப்படி வேலை செய்யும். உங்கள் லூட்டினோ பெண்ணின் இசட்டில் இனோவோடு ஓப்பலைனும் இருக்கலாம். ஓப்பலைன் என்பது கோடுகளின் இடமாற்றம், கோடுகளே இல்லாத பறவையில் அதை எப்படிப் பார்ப்பது? ஸ்பேங்கிளோ பைடோ இருந்தாலும் இதே கதை, அடர் நிறக் காரணியும் அப்படித்தான். பிறகு அவளுடைய பேத்திகளில் ஒருத்தி திடீரென்று பச்சை ஓப்பலைனாக வந்து நிற்பாள், நீங்கள் பக்கத்துக் கூட்டு ஆணைச் சந்தேகிப்பீர்கள். இனோவை அவ்வப்போது சாதாரண நிறத்தோடு சேர்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

சந்தேகிக்க வேண்டிய சமயங்களும் உண்டு. லூட்டினோ ஆணின் கூட்டில் பச்சைப் பெண் வந்தால் அது அவன் குஞ்சு அல்ல. லூட்டினோ ஆண் குஞ்சு வந்து, அம்மா பச்சையாக இருந்தால் அந்த முட்டை அவள் இட்டதல்ல, வேறொரு பெண் அந்தப் பெட்டிக்குள் புகுந்து இட்டிருக்கிறாள். பச்சைக்கும் பச்சைக்கும் லூட்டினோ வந்தால் மட்டும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அப்பா ஸ்ப்ளிட், குஞ்சு பெண், அவ்வளவுதான். பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் விட்டு வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் நம்பிப் பயனில்லை. ஜோடியைத் தனியாகப் பிரித்த பிறகும் பெண்ணின் உடலில் பழைய ஆணின் விந்து சில நாள் உயிரோடு இருக்கும், முதல் சில முட்டைகள் அவனுடையதாக இருக்கலாம்.

இன்னொன்று, மஞ்சளாக இருப்பதெல்லாம் லூட்டினோ அல்ல. இரண்டு ஸ்பேங்கிள் மரபணு சேர்ந்த பறவையும் முழு மஞ்சளாகவோ முழு வெள்ளையாகவோ இருக்கும். கண்ணைப் பாருங்கள், கறுப்பு. ஆணாக இருந்தால் மூக்கும் முறையாக நீலமாகும். கருங்கண் மஞ்சள் வகைகள் வேறு சிலவும் உண்டு, அவை எதுவும் பால் சார்ந்தவை அல்ல. மறுபக்கம், ஃபாலோ என்ற வகைக்குச் சிவப்புக் கண்ணும் பழுப்புக் கோடும் இருக்கும், சின்னமன் என்றோ லேஸ்விங் என்றோ சொல்லிவிடத் தோன்றும். அதுவும் பால் சார்ந்ததல்ல, அதில் பெண்ணும் ஸ்ப்ளிட்டாக இருக்கலாம். நண்பருடைய மூன்று மஞ்சள் குஞ்சுகளின் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். சிவப்பாக இருந்தால் நான் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். கறுப்பாக இருந்தால் முதலிலிருந்து வேறு கணக்கு போட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் ஒன்பது குஞ்சுகள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சின்ன வயதில் ஆணின் மூக்கு ஒரே சீராக இளஞ்சிவப்பு ஊதாவாக இருக்கும். பெண்ணின் மூக்கு வெளிறிய நீலம், துளைகளைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம் தெரியும். அந்த வெளிறிய நீலத்தைப் பார்த்து ஆண் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் ஆணின் மூக்கு நீலமாகத் தொடங்கிவிடும். உங்கள் ஆண்கள் பச்சை என்பதால் லூட்டினோவில் வரும் குழப்பம் இங்கே கிடையாது. இருப்பதில் உடல்வாகு நன்றாக உள்ள ஒரு ஆணை வைத்துக்கொண்டு, அவனுக்கும் நண்பரின் லூட்டினோ மகளுக்கும் ஒரு வயது நிரம்பிய பிறகு ஜோடி போடுங்கள். பச்சை மகள்களை விரும்பியவருக்குக் கொடுக்கலாம், ஸ்ப்ளிட் என்று சொல்லாமல்.